பிள்ளைக்கு ஓயாத வயிற்றுவலியா? வாந்தியின் நிறத்தை முதலில் பாருங்கள்

எங்கள் ஊர் தேனி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய கம்பம். என் மகளுக்கு 4 வயதில் தொடங்கி 6 வயது வரைக்கும் வயிற்றுவலி வந்து வந்து போனது. ராத்திரி சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள், சில நாள் வாந்தி எடுப்பாள், எடுத்ததும் தெளிந்துவிடுவாள், காலையில் ஒன்றுமே நடக்காதது போலப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுவாள். பூச்சி என்றார்கள், கேஸ் என்றார்கள், டீச்சருக்குப் பயந்து நடிக்கிறாள் என்றுகூடச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால், வயிற்றுக்குள் குடல் திரும்பி அமர வேண்டிய விதத்தில் அமரவில்லை, அது பிறவியிலேயே வந்த கோளாறு. ஆபரேஷன் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறாள்.

அந்த ரெண்டு வருடத்தில் நான் எதைக் கவனித்திருக்க வேண்டும், டாக்டரிடம் எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்பதெல்லாம் இப்போதுதான் எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போகாமல் இருப்பதற்காக இதைப் படிக்காதீர்கள், சீக்கிரம் போவதற்காகப் படியுங்கள்.

பச்சை வாந்தி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் மனதில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். பிள்ளை பச்சையாக வாந்தி எடுத்தால் அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நம் பக்கம் ‘பித்த வாந்தி’ என்றொரு சொல் இருக்கிறது, இந்த விஷயத்தில் அந்தச் சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது. வெறும் வயிற்றில் கசப்பாக, மஞ்சளாக வந்தாலும் பித்தம்தான், கரும்பச்சையாக வந்தாலும் பித்தம்தான், உடனே சீரகத் தண்ணி, எலுமிச்சைச் சாறு, இஞ்சி. உண்மையில் அது பித்தநீர்தான், அதுதான் பயப்பட வேண்டிய காரணமும். கல்லீரலில் சுரக்கிற பித்தநீர், இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலில் வந்து விழுந்து கீழ்நோக்கிப் போக வேண்டியது. அதற்குக் கீழே எங்கேயோ வழி அடைபட்டுவிட்டால் அது மேலே ஏறி வாய் வழியாக வரும். ஆகவே பச்சை வாந்தி என்றால் குடலில் அடைப்பு இருக்கலாம் என்று அர்த்தம்.

பிறந்து சில நாளே ஆன குழந்தை ஒரே ஒரு தடவை பச்சையாகக் கக்கினாலும் போதும். வேறு காரணம்தான் என்று உறுதியாகும் வரைக்கும் அது குடல் முறுக்கு என்றே எடுத்துக்கொண்டு டாக்டர்கள் ஓடுவார்கள். பெரிய பிள்ளைகளுக்கு, பேதியும் வாந்தியுமாக நாலைந்து தடவை போய் வயிறு காலியான பிறகு கடைசியில் கொஞ்சம் மஞ்சளாகவோ வெளிறிய பச்சையாகவோ வருவது உண்டு. ஆனால் அதை வீட்டிலிருந்துகொண்டு நாம் முடிவு செய்யக் கூடாது. பேதி எதுவும் இல்லாமல், வயிற்றுவலியோடு எடுத்த எடுப்பிலேயே பச்சையாக வந்தால் பேச்சுக்கே இடமில்லை, கிளம்புங்கள்.

எந்தப் பச்சை என்று கேட்பீர்கள். மஞ்சள் கரைத்த தண்ணி மாதிரி இருந்தால் அது மஞ்சள். முருங்கைக்கீரையை அரைத்துப் பிழிந்த சாறு மாதிரி இருந்தால் அதுதான் நான் சொல்கிற பச்சை. ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கப் போகிற பெண்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை, பச்சையில் எத்தனை பச்சை உண்டு என்று அவர்கள் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கண்ணோடு பாருங்கள். ராத்திரி மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரியும், அதனால் போன் டார்ச்சை அடித்து, வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஒற்றிப் பாருங்கள், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இதைச் செய்யவில்லை. ரெண்டு வருடமும் அவள் வாந்தி எடுத்த உடனே சாம்பலை அள்ளிப் போட்டுக் கூட்டித் தள்ளிவிட்டேன், எந்த நிறம் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய்வந்த அன்று எடுத்தாள், ராட்டினம் சுற்றியதால் என்று நினைத்தோம். குமுளி மலையேறும்போது எடுத்தாள், வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். நம் ஊர்ப் பிள்ளைகள் மலைப்பாதையில் வாந்தி எடுப்பது சாதாரணம்தான், அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். வளைவினால் வருகிற வாந்தியில் தின்றதுதான் வரும், வண்டியை நிறுத்திக் காற்றாட உட்கார வைத்தால் அடங்கும், வயிறு வலிக்கிறது என்று பிள்ளை முறுக்கிக்கொள்ளாது. கடைசியாக ஒரு நாள் குமுளியில் என் அண்ணன் வீட்டில் இருந்தபோது, அப்பா மடியில் படுத்திருந்தவள் அவர் வெள்ளை வேட்டியிலேயே எடுத்துவிட்டாள். தொடை நீளத்துக்குப் பச்சைக் கறை. அந்த வேட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு வயிற்றைக்கூட முழுதாகத் தொட்டுப் பார்க்காமல், குழந்தைகள் சர்ஜன் இருக்கிற இடத்துக்கு உடனே கூட்டிப் போங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

எல்லா வயிற்றுவலியும் இதுவா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் எல்லாரும் இன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்பீர்கள். அடிக்கடி வயிற்றுவலி என்று சொல்கிற பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் குடலின் அமைப்பில் எந்தக் கோளாறும் இருக்காது. மலச்சிக்கல், சாப்பாட்டு நேரம், மனக்கவலை, சில சமயம் ஒரு காரணமும் பிடிபடாது, ஆனாலும் வலி உண்மையாகவே இருக்கும், நடிப்பு அல்ல. இங்கிலாந்தில் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் 1958 வாக்கில் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆராய்ந்து, பத்தில் ஒருவருக்கு இப்படித் திரும்பத் திரும்ப வலி வருகிறது என்று எழுதினார். அவர் பெயரில் ஒரு விதியும் இருக்கிறது: வலி தொப்புளை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, உள்ளே ஏதோ இருப்பதற்கான வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

அதனால் பிள்ளையிடம் ‘எங்கே வலிக்குது, ஒத்தை விரலால் காட்டு’ என்று கேளுங்கள். உள்ளங்கையைத் தொப்புளைச் சுற்றித் தடவினால் பெரும்பாலும் பயமில்லை. வலது பக்கமோ மேல் பக்கமோ ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் என் மகளும் தொப்புளைத்தான் காட்டினாள், ஆகையால் இந்த ஒன்றை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை: வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, வாந்தி கூட வருகிறதா, மலத்தில் ரத்தம் இருக்கிறதா, வயிறு உப்பிக் கல்லு மாதிரி இருக்கிறதா, எடை ஏறுகிறதா. எடைதான் பெரிய சாட்சி. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்து அட்டையில் கோடு போடுகிறார்களே, அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் மகளின் கோடு 4 வயதுக்குப் பிறகு படுத்துவிட்டது. அவள் அப்பா சாயல், ஒல்லி வாகு என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

ஒரு நோட்டு போடுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, மணி, என்ன சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வலித்தது, எவ்வளவு நேரம் வலித்தது, எங்கே காட்டியது, வாந்தி உண்டா, என்ன நிறம், அன்றைக்கு வெளிக்குப் போனதா. வலிக்கும்போது பிள்ளை எப்படிச் சுருண்டு கிடக்கிறது என்று அரை நிமிடம் வீடியோ எடுங்கள். டாக்டரிடம் போகிற நேரத்தில் பிள்ளை சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ‘அடிக்கடி வலிக்குதுங்க’ என்ற நம் வாய் வார்த்தைக்கு அங்கே எடை கிடையாது. நோட்டுக்கு உண்டு.

உள்ளே என்ன நடக்கிறது

பெயர்கள் தெரிந்திருந்தால் டாக்டர் பேசுவது புரியும், கேள்வியும் கேட்க முடியும்.

என் மகளுக்கு இருந்தது மால்ரொட்டேஷன், குடல் சுழன்று அமர்வதில் குறை. கரு வளரும்போது வயிற்றில் இடம் போதாமல் குடல் தொப்புள்கொடிக்குள் வெளியே போய் வளர்ந்து, 10 வாரம் வாக்கில் உள்ளே திரும்பி வருகிறது. வரும்போது 270 டிகிரி சுழன்று, சிறுகுடலின் தொடக்கம் இடது மேல் பக்கமும் பெருங்குடலின் தொடக்கம் வலது கீழ்ப் பக்கமும் பின்சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சேலையில் தொட்டில் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டில்கட்டை போட்டு அகலமாகக் கட்டினால் தொட்டில் ஆடும், முறுக்கிக்கொள்ளாது. கட்டை இல்லாமல் ஒரே முடிச்சில் தொங்கவிட்டால் பிள்ளை புரள்கிற புரட்டில் சேலை கயிறு மாதிரித் திரித்துக்கொள்ளும். சுழற்சி சரியாக முடியாத குடல் அப்படித்தான் குறுகலான ஒரே பிடியில் தொங்குகிறது. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயும் அந்தப் பிடிக்குள்தான் ஓடுகிறது என்பதுதான் ஆபத்து. முறுக்கினால் வழியும் அடையும், ரத்தமும் நிற்கும், சில மணி நேரத்தில் குடல் கருகத் தொடங்கும். முறுக்கியது தானாகப் பிரிந்தால் பிள்ளை தெளிந்துவிடும். ரெண்டு வருடம் எங்களுக்கு நடந்தது அதுதான். ஒவ்வொரு தடவையும் அது பிரிந்துகொண்டது எங்கள் அதிர்ஷ்டம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஏறத்தாழ 500 பிறப்பில் ஒன்றுக்கு இந்தச் சுழற்சிக் குறை ஏதோ ஓர் அளவில் இருக்கும் என்கிறார்கள். அதில் பலருக்கு ஆயுள் முழுக்கத் தொந்தரவே வராது. தொந்தரவு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் வருடத்திலேயே வந்துவிடும், அதுவும் முதல் மாதத்தில்தான் அதிகம். அதனால்தான் 5, 6 வயதுப் பிள்ளைக்கு இது சட்டென்று யார் நினைவுக்கும் வருவதில்லை. இன்னொன்று, அடைப்பு மேலே இருப்பதால் ஆரம்பத்தில் வயிறு உப்பாது, தட்டையாக, மெத்தென்றுதான் இருக்கும். ‘வயிறு நல்லாத்தானே இருக்கு’ என்று யாரும் தைரியம் சொன்னால் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

அடுத்தது மெக்கல் பை. கருவில் தொப்புளுக்கும் குடலுக்கும் நடுவே ஒரு குழாய் இருந்து பிறகு மறைந்துவிட வேண்டும். அது முழுதாக மறையாமல் சிறுகுடலில் விரல் மாதிரி ஒரு பை நின்றுவிடுவது இது. 1809இல் இதை விளக்கிய ஜெர்மானியர் மெக்கலின் பெயரே நிலைத்துவிட்டது. மருத்துவ மாணவர்கள் இதை ‘ரெண்டு கணக்கு’ என்று மனப்பாடம் பண்ணுவார்கள்: நூற்றில் 2 பேருக்கு, பெருங்குடல் சேருமிடத்திலிருந்து 2 அடி தள்ளி, 2 அங்குல நீளத்தில், தொந்தரவு வந்தால் பெரும்பாலும் 2 வயதுக்குள். அந்தப் பையில் சில பிள்ளைகளுக்கு இரைப்பையின் சவ்வு இருக்கும், அது அமிலம் சுரந்து பக்கத்தில் புண் ஆகி, வலியே இல்லாமல் மலத்தில் நிறைய ரத்தம் போகும். சிலருக்கு அந்தப் பை வீங்கி அச்சு அசலாக அப்பெண்டிக்ஸ் வலி மாதிரியே வலிக்கும். வலி இல்லாமல் செங்கல் நிறத்திலோ கருஞ்சிவப்பாகவோ ரத்தம் போனால் சூடு என்று இளநீர் கொடுத்துக் காலம் கடத்தாதீர்கள்.

குடல் செருகல் பிறவிக் கோளாறு இல்லை, ஆனால் பக்கத்திலேயே நிற்கிற விஷயம். முழுக்கைச் சட்டையைக் கழற்றும்போது கை உள்ளே சுருட்டிக்கொள்ளுமே, அப்படிக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும். 6 மாதத்திலிருந்து 3 வயது வரை அதிகம். குழந்தை திடீரென்று காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழும், கொஞ்ச நேரம் அசந்து கிடக்கும், திரும்ப அழும், இந்த மாறி மாறி வருகிற அழுகைதான் அடையாளம். ரத்தமும் சளியும் கலந்து நம் பன்னீர் திராட்சையை நசுக்கினது போல மலம் வந்தால் நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் போனால் பல பிள்ளைகளுக்குக் கத்தி வைக்காமலே, ஆசனவாய் வழியாகக் காற்றோ தண்ணியோ செலுத்தி அந்தச் செருகலை விடுவித்துவிடுவார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு வந்தாலோ, ஒரே பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வந்தாலோ, இழுத்துவிடுகிற மாதிரி உள்ளே மெக்கல் பையோ, குடலை ஒட்டிக் கூடுதலாக வளர்ந்த இரட்டைக்குடல் கட்டியோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஹிர்ஷ்ப்ரங் நோய் வேறு மாதிரி. முல்லைப் பெரியாறு தண்ணி பாய்கிற ஊர்க்காரர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லலாம்: கடைமடையில் ஷட்டர் திறக்க ஆள் இல்லை. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் இருக்க வேண்டிய நரம்பு செல்கள் பிறவியிலேயே இல்லாததால் அந்த இடம் தளர்ந்து வழிவிடாது, மேலே உள்ள குடல் தேங்கி வீங்கும். 5000 பிறப்பில் ஒன்றுக்கு வரும், ஆண் குழந்தைகளுக்கு அதிகம். இதற்கு நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டியது ஒரே கேள்விதான், பிறந்த குழந்தை முதல் கறுப்பு மலத்தை எப்போது போனது? நிறை மாதத்தில் பிறந்த குழந்தை பெரும்பாலும் முதல் நாளிலேயே போய்விடும். 48 மணி நேரம் ஆகியும் போகவில்லை என்றால் காரணம் பார்த்தே ஆக வேண்டும். 3 வயது, 4 வயதிலும் பிறந்ததிலிருந்தே மலச்சிக்கல், வயிறு பானை, எடை இல்லை என்று ஒரு பிள்ளை இருந்தால் டாக்டர் இந்தக் கேள்வியைக் கேட்பார், அப்போது நாம் முழிக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலோடு வயிறு உப்பி, நாற்றமடித்துப் பீய்ச்சியடித்துப் போனால் அது சாதாரணப் பேதி இல்லை, உயிருக்கே ஆபத்தான குடல் அழற்சி.

முன்சிறுகுடல் அடைபட்டே பிறப்பது, மலத்துவாரம் இல்லாமல் பிறப்பது எல்லாம் பெரும்பாலும் பிரசவமான ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிடும். முன்சிறுகுடலில் ஓட்டையுள்ள சவ்வு மட்டும் இருந்தால் பால் இறங்கும், கெட்டிச் சோறு கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் வாந்தி ஆரம்பிக்கும், அதை மட்டும் மனதில் வையுங்கள்.

வீட்டில் செய்யக் கூடாதவை

என் மாமியார் பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர். ‘கொடலு ஏறியிருக்குத்தா, எண்ணெய் தேச்சுத் தட்டிவிட்டாச் சரியாப் போகும்’ என்று அவர் சொன்னபோது அன்பில்தான் சொன்னார். ரெண்டு தடவை குடல் தட்டினோம், ஒரு தடவை தொக்கம் எடுக்கவும் கூட்டிப் போனோம். ஒவ்வொரு தடவையும் சரியானது, ஏனென்றால் முறுக்கு தானாகவே பிரியும் நேரம் அது. தட்டியதால் சரியானது என்று நம்பியதால்தான் அடுத்த ஆறு மாதம் டாக்டரிடம் போகவில்லை.

வலிக்கிற வயிற்றை அமுக்கவோ உருவவோ கூடாது. விளக்கெண்ணெய், சோப்புத் தண்ணி எனிமா, பேதி மாத்திரை கூடாது, அடைபட்ட குடலை மேலும் தள்ளினால் கிழிந்துபோகலாம். கைக்குழந்தைக்கு ஓமத்தண்ணி, கிரைப் வாட்டர், வசம்பு எதுவும் பச்சை வாந்திக்கு மருந்து இல்லை. பூச்சி மருந்து தப்பில்லை, பள்ளிக்கூடத்திலேயே கொடுக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு வலிக்கும் ஒரு பூச்சி மாத்திரை என்று நான் கொடுத்தது தப்பு. பச்சை வாந்தியோ, ரத்தமோ, வயிற்று உப்பலோ இருந்தால் வாய் வழியாக எதுவுமே கொடுக்காதீர்கள், தாய்ப்பாலும் தண்ணியும்கூட. மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். தண்ணிச் சத்தை அங்கே ஊசி வழியாக ஏற்றிக்கொள்வார்கள்.

ராத்திரியில் எப்படிப் போவது

நம் பக்கத்துப் பிரச்சினை இதுதான். பாதிப் பேர் கீழே இருந்துகொண்டு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வருகிறோம், மீதிப் பேர் கேரளாவில் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் லயத்திலேயே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிறோம். பிள்ளைக்கு ராத்திரி 12 மணிக்கு வந்தால் மேலே போவதா கீழே போவதா என்று நிற்கிற அந்த ஒரு மணி நேரம்தான் போய்விடக் கூடாதது.

அதனால் இன்றைக்கே முடிவு செய்து வையுங்கள். இரண்டு மாநிலத்திலும் 108 உண்டு. கம்பம், உத்தமபாளையம் பக்கம் இருந்தால் தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி, அங்கிருந்து அனுப்பினால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, தேனியிலிருந்து 70, 80 கிலோமீட்டர். குமுளிக்கு மேலே இருந்தால் கோட்டயம் மருத்துவக் கல்லூரி, அங்கே குழந்தைகளுக்கென்றே தனி ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் 100 கிலோமீட்டருக்கு மேல் மலையிறக்கம். எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘குழந்தைகள் சர்ஜன் இருக்காரா?’ பெரிய கட்டடம், லிப்ட், ஏசி எல்லாம் இருந்தும் குழந்தைகள் சர்ஜன் இல்லாத இடங்கள் நிறைய, அங்கே போய் ஒரு ராத்திரி அட்மிட் ஆகிக் கிடந்துவிட்டுக் காலையில் வேறு இடத்துக்கு அனுப்பினால் அந்த ராத்திரி திரும்ப வராது. போகிற வழியில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரியில் நிறுத்தி ஊசிக் குழாய் போட்டு, மூக்கு வழியாக டியூப் விட்டு வயிற்றை வடியவிட்டு அனுப்பினால் பிள்ளைக்குப் பெரிய உதவி, அதற்காகும் நேரம் வீண் இல்லை.

ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, அங்கன்வாடி அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, நோட்டு, எல்லாவற்றையும் ஒரே பையில் கதவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள். கேரளாவில் ரேஷன் கார்டு உள்ள குடும்பமென்றால் அங்கே காருண்யா திட்டத்தில் பெயர் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். தமிழ்நாட்டுக் கார்டு அங்கே செல்லுமா என்பதையும் அந்த மேசையிலேயே கேட்டுவிடுங்கள், அட்மிஷனுக்கு முன்னால் கேட்பது நல்லது.

கேரளா பக்கம் போகிறவர்கள் நாலு வார்த்தை தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போன அன்று டியூட்டி டாக்டருக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியவில்லை, ‘பித்தம் பித்தமா எடுக்கிறாள்’ என்று நான் சொன்னது அவருக்கு எட்டவேயில்லை. ‘பச்ச நிறத்தில் சர்திக்குந்நு’ என்றால் பச்சையாக வாந்தி எடுக்கிறது. ‘மலத்தில் சோர உண்டு’ என்றால் மலத்தில் ரத்தம். ‘வயறு வீர்த்திட்டுண்டு’ என்றால் வயிறு உப்பியிருக்கிறது. வயிற்றுவலி ‘வயறுவேதன’.

ஆஸ்பத்திரியில்

முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். அது நன்றாக இருந்தாலும் மால்ரொட்டேஷன் இல்லை என்று அர்த்தமில்லை. ஸ்கேனில் குடலுக்குப் போகிற ரத்தக்குழாய்கள் இரண்டையும் பார்ப்பார்கள், சிரை வலது பக்கமும் தமனி இடது பக்கமும் இருக்க வேண்டும், இடம் மாறியிருந்தாலோ, முறுக்கிய கயிறு மாதிரிச் சுழி தெரிந்தாலோ பிடிபட்டுவிடும். உறுதியாகச் சொல்வது கான்ட்ராஸ்ட் படம்: வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து, அது இறங்குவதை எக்ஸ்ரேயில் பார்த்து, முன்சிறுகுடல் முதுகெலும்பைத் தாண்டி இடது பக்கம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். வலி விட்டுவிட்டு வருகிற பிள்ளை என்றால், வலி இருக்கும்போதே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ‘ஸ்கேன் நார்மல், போகலாம்’ என்று ஒரு இடத்தில் எங்களை அனுப்பினார்கள். அன்றைக்கு அவளுக்கு வலியும் இல்லை, ரத்தக்குழாயை யாரும் பார்க்கவும் இல்லை. நீங்கள் நேராகக் கேட்டுவிடுங்கள்: ‘மால்ரொட்டேஷன் இருக்குமா, அதுக்குப் பாத்தீங்களா?’ இப்படிக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று நான் ரெண்டு வருடம் தயங்கினேன். கேட்டபோது ஒருவர்கூடக் கோபிக்கவில்லை.

மெக்கல் பைக்கு ஊசி வழியாக டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கிற தனி ஸ்கேன் உண்டு, ரத்தம் போகிற பிள்ளைக்கு அதைச் சொல்வார்கள். ஹிர்ஷ்ப்ரங்கை உறுதி செய்ய மலக்குடலில் ஒரு துளி சதை எடுத்து நரம்பு செல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மால்ரொட்டேஷனுக்குச் செய்வது லேட் (Ladd) ஆபரேஷன், பாஸ்டனைச் சேர்ந்த சர்ஜன் வில்லியம் லேட் 1936இல் எழுதிய முறை, இன்றைக்கும் அடிப்படை அதுதான். முறுக்கைப் பிரித்து, குடலை அழுத்துகிற பட்டைகளை வெட்டிவிட்டு, குறுகிய பிடியை அகலமாக்கி, சிறுகுடலை வலது பக்கமும் பெருங்குடலை இடது பக்கமும் வைத்துவிடுவார்கள். குடலைச் ‘சரியான’ இடத்துக்கே கொண்டுபோவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, முறுக்க முடியாத இடத்தில் வைக்கிறார்கள். அப்பெண்டிக்ஸையும் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள், பிறகு ஒரு நாள் அது இடது பக்கம் வலித்தால் யாருக்கும் புரியாது என்பதால். எங்களுக்கு அஞ்சாம் நாள் கஞ்சித் தண்ணி, ஏழாம் நாள் குழைந்த சோறு. குடல் வேலை செய்யத் தொடங்கும் வேகம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும், பக்கத்துக் கட்டில் பிள்ளை இட்லி சாப்பிடுகிறதே என்று அவசரப்பட வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒன்று உண்டு. வயிற்றைத் திறந்த எந்த ஆபரேஷனுக்குப் பிறகும் உள்ளே தழும்பு ஒட்டி, மாதங்களோ வருடங்களோ கழித்துக்கூட அடைப்பு வரலாம். மறுபடி பச்சை வாந்தி, வயிறு உப்பல், காற்றுக்கூடப் பிரியவில்லை என்றால் அதே சர்ஜனிடம், முடியாவிட்டால் பக்கத்தில் எந்த சர்ஜனிடமாவது போக வேண்டும், டிஸ்சார்ஜ் சீட்டோடு. நான் அந்தச் சீட்டை நாலு ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று வீட்டில், ஒன்று அவள் அப்பாவின் ஜீப்பில், ஒன்று குமுளியில் அண்ணன் வீட்டில், ஒன்று அவள் வகுப்பு டீச்சரிடம். போனிலும் போட்டோ இருக்கிறது. அதன் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் ‘குடல் இடம் மாறி இருக்கு, அப்பெண்டிக்ஸ் இல்லை’ என்று எழுதியிருக்கிறேன், அதற்குக் கீழேயே மலையாளத்திலும் என் அண்ணி எழுதிக் கொடுத்தாள்.